தோழருக்காகச் சோறு கேட்டுப் போனவர்!

வாசகர்களே, முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. இன்னொருவரின் பசிக்காக, முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்று, 'கொஞ்சம் சோறு கிடைக்குமா?' என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

இல்லை என்றால், நீங்களும் என்னைப் போலத்தான். கோயில் அன்னதானத்துக்குப் பணம் கட்டியிருப்போம். வீட்டுக்கு வந்தவருக்கு இலை போட்டிருப்போம். கொடுப்பதில் நமக்கு அவ்வளவாகச் சிரமம் இல்லை. கேட்பதுதான் கஷ்டம். கை நீளுவதற்கு முன்பே மனசு சுருங்கிப் போகும்.

ஆனால் கயிலைநாதனாம் சிவபெருமான், தன் தோழர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக, உச்சி வெயிலில் ஓடு ஏந்தி வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்டிருக்கிறார்! அந்த ஊர் திருக்கச்சூர். அந்தத் தோழர், சுந்தரமூர்த்தி நாயனார்.

கல்லூரியில் பெரியபுராணம் படித்த நாளிலிருந்து இந்தக் கதை எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது எனக்குப் புரிந்தது என்னவோ, சென்ற ஆண்டு அக்னி நட்சத்திர நாளொன்றில், ஒரு சைக்கிளோடு சாலையோரப் புளியமரத்தடியில் சுருண்டு கிடந்தபோதுதான்.

தோழமை நெறி

பக்தியை ஒன்பது வகையாகச் சொல்வார்கள் பெரியோர். இறைவனின் புகழைக் கேட்பதில் தொடங்கி, தன்னையே ஒப்படைப்பதில் முடியும் அந்த வரிசையில், எட்டாவதாக வருவது 'சக்யம்'. அதாவது, இறைவனைத் தோழனாகக் கொள்வது. கண்ணனுக்கு அர்ஜுனன் எப்படியோ, அப்படி!

சைவத்திலும் நான்கு நெறிகள் உண்டு. ஆண்டவனுக்கு அடிமையாகத் தொண்டு செய்து நின்றவர் அப்பர் பெருமான். அது தாச மார்க்கம். பிள்ளையாக நின்றவர் ஞானசம்பந்தர். அது சற்புத்திர மார்க்கம். ஞானத்தால் ஒன்றி நின்ற மாணிக்கவாசகருடையது சன்மார்க்கம். தோழராக நின்றவர் சுந்தரர்; அவருடையது சக மார்க்கம். 'தம்பிரான் தோழர்' என்றே அவருக்குப் பெயர்.

தோழமை என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அடிமை எஜமானிடம் முகம் சுளிக்க முடியாது. பிள்ளை அப்பாவிடம் ஓரளவுக்குத்தான் அடம்பிடிக்கலாம். தோழனிடம்? சண்டை போடலாம், திட்டலாம், ரெண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். சுந்தரர் இவை எல்லாவற்றையும் செய்தார்.

அவருடைய தேவாரம் தொடங்கியதே ஒரு வசவில்தான். புத்தூரில் அவருக்குக் கல்யாணம் நடக்கவிருந்த நேரம். கிழ வேதியராக வந்த ஈசன், 'நீ என் அடிமை' என்று ஓலை காட்டி வழக்காடுகிறார். மணக்கோலத்தில் இருந்த சுந்தரருக்கு ஆத்திரம். 'நீர் பித்தரோ?' என்று கேட்டுவிடுகிறார். பின்பு திருவெண்ணெய்நல்லூரில் வந்தவர் யார் என்று தெரிந்து, என்ன சொல்லிப் பாடுவது என்று புரியாமல் அவர் திகைத்து நிற்கும்போது இறைவன் சொன்னது என்ன தெரியுமா? என்னைப் பித்தன் என்றாயே, அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்றார்!

திட்டிய வாயைக் கொண்டே தேவாரம் தொடங்க வைத்த இந்த இடத்தை, வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சுந்தரர் நடந்த வழியில்...

திருக்கழுக்குன்றத்தைத் தரிசித்துவிட்டு சுந்தரர் திருக்கச்சூர் வந்தார். அங்கிருந்து காஞ்சிபுரம் போனார். இந்த வழியை சைக்கிளில் போய் எழுதினால் என்ன என்று எனக்கு ஆசை. இன்றைய சாலைக் கணக்கில் திருக்கழுக்குன்றத்தில் இருந்து செங்கல்பட்டு சுமார் 14 கி.மீ.; அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியே திருக்கச்சூர் இன்னொரு 12 கி.மீ.; பிறகு காஞ்சிபுரம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 70 கி.மீ. பழகியவர்களுக்கு இது காலை நேரத்து வேலை. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய எனக்கு?

துணைக்கு என் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டேன். என்னோடு பி.ஏ. தமிழ் படித்தவள், இப்போது பள்ளியில் தமிழாசிரியை. தினமும் சைக்கிள் ஓட்டுபவள். அவளுக்குக் கோடை விடுமுறை என்பதால்தான் சித்திரை வெயில் என்று தெரிந்தும் அந்த நாளைக் குறித்தோம்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-ம் ஆண்டு மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் தன் ஒரே தம்பியைப் பறிகொடுத்தவள் அவள். அதற்குப் பிறகு கோயிலுக்குள் காலடி வைக்கவில்லை. வாசல் வரை வருவாள், செருப்பைப் பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். 'வருகிறாயா?' என்று நான் கேட்டபோது, ''நீ கூப்பிடறே, அதுக்காக வர்றேன். உன் சாமிக்காக இல்லை'' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

முதல் நாள் இரவே திருக்கழுக்குன்றம் போய், என் உறவினர் வீட்டில் தங்கினோம். விடிந்ததும் மலையடிவாரம். வேதங்களே மலையாக நிற்பதாகச் சொல்லப்படும் வேதகிரி! 500-க்கும் மேற்பட்ட படிகள். உச்சிக்காலத்தில் இரண்டு கழுகுகள் வந்து அமுது உண்டு போகும் காட்சியைக் காணக் கூட்டம் கூடிய தலம் இது. அந்தக் கழுகுகள் வருவது நின்று இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் மலையேறியவர்கள் வானத்தைப் பார்க்காமல் இறங்குவதில்லை.

''நீ போயிட்டு வா. நான் சைக்கிளைப் பார்த்துக்கறேன்'' என்றாள் தோழி.

''இவ்வளவு தூரம் வந்துட்டு மேல வராம இருப்பியா?''

''வரலை.''

''என் கையைப் பிடிச்சுக்கிட்டாவது...''

''வரலைன்னு சொல்றேன்ல!''

தனியாகத்தான் ஏறினேன். வேதகிரீஸ்வரரைத் தரிசித்து, மூச்சு வாங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது. வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. ''ஆறு மணிக்கே கிளம்பியிருக்கணும். இனிமே ரோடே கொதிக்கும்'' என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு அப்போது மனசில் வேறு ஒன்று உறுத்திக்கொண்டு இருந்தது. ஊரைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னேன்.

''நம்பிக்கையோட கேட்டா அவர் கைவிட மாட்டார். உன் நம்பிக்கையிலதான் எங்கேயோ குறை இருந்திருக்கு.''

சொல்லி முடித்த அந்தக் கணமே, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கியரை மாற்றினாள், எழுந்து நின்று பெடலை மிதித்தாள். ஐந்து நிமிடத்தில் சாலை வளைவில் ஒரு புள்ளியாகி மறைந்தும் போனாள்.

பக்திப் பத்திரிகையில் வேலை பார்ப்பதில் உள்ள ஓர் ஆபத்து இது. அடுத்தவர் துயரத்துக்கு நம் கையில் எப்போதும் ஒரு வாசகம் தயாராக இருக்கும்!

புளியமரத்தடியில்...

நான் எடுத்துப் போனது கியர் இல்லாத பழைய லேடீஸ் சைக்கிள். காற்று எதிரில் இருந்து அடித்தது. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். மேடு என்றால் ஏறி முடித்ததும் இறக்கம் என்று ஒன்று வரும். எதிர்காற்றுக்கு இறக்கமே கிடையாது. படியேறி இறங்கிய தொடையும் கெண்டைக்காலும் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தன. பாட்டிலில் இருந்த தண்ணீர் வெந்நீராகி, அதுவும் தீர்ந்துவிட்டது. வழியில் தென்பட்ட ஒரே பெட்டிக்கடையும் பூட்டியிருந்தது.

இந்த அழகில் செயின் வேறு கழன்றது. இறங்கி, குனிந்து மாட்டப் போனேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வலது கெண்டைக்காலில் சதை பிடித்து இழுத்தது. சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு, பக்கத்துப் புளியமரத்தடிக்குத் தவழ்ந்துதான் போனேன் என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை வாந்தி. செல்போனை எடுத்து அவளைக் கூப்பிடக் கை போனது. 'எந்த முகத்தோடு கூப்பிடுவது?' என்று நின்றது.

அப்போது நான் ஈசனைத்தான் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பக்தியில் அல்ல, பயத்தில்.

எவ்வளவு நேரம் கழிந்ததோ... சைக்கிள் பிரேக் பிடிக்கும் சத்தம். ''எங்கே பார்த்தாலும் உன்னைக் காணோமே!'' என்று அவள் குரல். மூன்று கிலோமீட்டர் முன்னால் போனவள், பின்னால் நான் வராததைக் கண்டு திரும்பி வந்திருக்கிறாள், அதே வெயிலில். தன் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை என் முகத்தில் தெளித்தாள். இரண்டு மடக்கு குடிக்கக் கொடுத்தாள்.

''காலையில என்ன சாப்பிட்டே?''

''தரிசனம் முடிஞ்சு சாப்பிடலாம்னு...''

''அறிவிருக்கா உனக்கு? இங்கேயே இரு. எழுந்திருக்காதே. இதோ வர்றேன்'' என்று சொல்லிவிட்டு, சாலையை விட்டு விலகி உள்ளே தெரிந்த சில வீடுகளை நோக்கி நடந்தாள்.

எப்படியும் அரைமணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது அவள் கையில் ஓர் எவர்சில்வர் தூக்கு. உள்ளே மோர் ஊற்றிக் கரைத்த பழைய சோறு. தூக்கின் மூடியில் நாலு சின்ன வெங்காயம், கொஞ்சம் உப்பு. சோற்றைப் பிசைந்து, உப்பைக் கூடுதலாகவே போட்டு, என் கையில் கொடுத்தாள். அமிர்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது எப்படி இருந்தது என்று மட்டும் தெரியும்.

பாதி சாப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. என் தோழி யாரிடமும் எதுவும் கேட்காதவள். கல்லூரியில் பீஸ் கட்ட முடியாமல் தவித்தபோதும்கூட வாய் திறந்து கேட்கவில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், 'என்ன வேண்டும்?' என்று நாங்களாகக் கேட்டபோதும், 'ஒண்ணும் வேண்டாம்' என்றே சொன்னவள். அவளா போய்க் கேட்டாள்?

''எத்தனை வீடு ஏறினே?''

''நாலு. முதல் வீட்டுல கதவே திறக்கலை. அடுத்த வீட்டுல, 'யாரு நீங்க, எந்த ஊரு, இந்த வெயில்ல எதுக்கு வந்தீங்க'ன்னு கேட்டுட்டு, இல்லைன்னுட்டாங்க. மூணாவது வீட்டுல நாய். நாலாவது வீட்டுல ஒரு பாட்டி. எதுவுமே கேக்கலை. தூக்கோட எடுத்துக் குடுத்துட்டாங்க.''

''கேக்கறதுக்கு வெட்கமா இல்லையா?''

கொஞ்சம் யோசித்தாள். ''முதல் வீட்டுல இருந்துச்சு. ரெண்டாவது வீட்டுல கோபம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் தோணலை. நீ இங்கே கிடக்கறது மட்டும்தான் ஞாபகத்துல இருந்துச்சு.''

சாப்பிட்டு முடித்ததும் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்க அவளே போனாள். வந்து என் சைக்கிள் செயினையும் மாட்டினாள்.

மதிலோரத்தில் இருவர்

செங்கல்பட்டில் இளநீர் குடித்து, ஒரு கடை நிழலில் ஒரு மணி நேரம் படுத்து, ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, பெரும்பாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திருக்கச்சூர் போய்ச் சேரும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. கோயில் நடை சாத்தியிருந்தது. மாலையில்தான் திறப்பார்கள்.

ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னை- செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில், சிங்கப்பெருமாள்கோவிலில் இருந்து சுமார் 2 கி.மீ. தொலைவில் இருக்கிறது திருக்கச்சூர். மின்சார ரயிலிலும் வரலாம். ஊருக்குள் இருப்பது ஆலக்கோயில், திருமால் ஆமை வடிவில் வழிபட்டதால் ஸ்வாமிக்குக் கச்சபேஸ்வரர் என்று திருநாமம், அம்பாள் அஞ்சனாட்சி. கச்சபம் என்றால் ஆமை. சற்றுத் தள்ளி மலையடிவாரத்தில் மருந்தீஸ்வரர் ஆலயம் தனியே உண்டு. அங்கு அம்பாளுக்கு இருள்நீக்கியார் என்று அழகான பெயர். வருகிறவர்கள் இரண்டையும் தரிசித்துவிட்டுப் போவது வழக்கம். சைக்கிளில் வருவதாக இருந்தால், தயவுசெய்து மார்கழி, தை மாதங்களில், விடியற்காலையில் கிளம்பி, வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்!

ஆலக்கோயில் மதில் நிழலில் நாங்கள் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். சுந்தரரும் இப்படித்தான் இந்தக் கோயில் மதில்புறத்தில் உட்கார்ந்திருந்தார்.

தரிசனம் முடித்து வெளியே வந்தவருக்குப் பசி. சாப்பாடு கொண்டுவரும் பரிசனங்கள் இன்னும் வந்து சேரவில்லை. தளர்ந்துபோய் வாயிலுக்கு அருகில் மதிலோரமாக உட்கார்ந்துவிட்டார். அப்போது கையில் ஓடு ஏந்தி ஓர் அந்தணர் வருகிறார். சுந்தரரின் முகத்தைப் பார்த்து, பசியால் மிகவும் வருந்தியிருக்கிறீர், உமக்குச் சோறு இரந்து கொண்டுவருகிறேன், நான் வரும்வரை இங்கிருந்து நகராமல் சற்றே இரும் என்கிறார். பிறகு ஊருக்குள் வீடு வீடாகப் போகிறார். கொளுத்தும் உச்சிப்பொழுது. திருவடி நிலத்தில் பட நடக்கிறார். சோறும் கறியுமாக வாங்கிவந்து முன்னே வைக்கிறார். சுந்தரரும் உடன் வந்த அடியார்களும் பசியாறுகிறார்கள். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அந்த அந்தணர் மறைந்துபோகிறார். வந்தது யார் என்று தெரிந்து, சுந்தரர் உருகிப் பதிகம் பாடுகிறார்.

வாசகர்களே, இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? இறைவன் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே அன்னமலையைக் குவித்திருக்கலாம். குண்டையூரில் அப்படித்தான் செய்தார். சுந்தரருக்காக நெல்லையே மலையாகக் குவித்தார். திருக்குருகாவூர் வழியில் தண்ணீர்ப் பந்தலும் பொதிசோறுமாகக் காத்திருந்தார். அங்கெல்லாம் அவர் கொடுப்பவராக வந்தார். இங்கு மட்டும் கேட்பவராகப் போகிறார். இரப்பதே அவருக்குத் திருக்கோலம்தான், பிட்சாடனர்தானே என்பீர்கள். ஆனால் இங்கே அவர் இரந்தது தன் தோழரின் ஒரு வேளைப் பசிக்காக. சில கதவுகள் திறக்காமலும் இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டதுதான். நாலு வீட்டுக் கதை காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால், இருக்கலாம்!

''இந்தக் கதை தடுத்தாட்கொண்ட புராணத்துலதானே வருது?'' என்றேன், பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று.

''இல்லைம்மா எழுத்தாளர்! ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துல வருது'' என்றாள் தமிழாசிரியை. எனக்குச் சுருக்கென்றது. கோயிலுக்குள் வராதவள் பெரியபுராணத்தை மறக்கவில்லை.

அவள் சொன்ன பிறகுதான் அந்தப் புராணத்தின் முடிவும் நினைவுக்கு வந்தது. ஊடல் கொண்ட பரவையாரிடம் தனக்காகப் போய்ப் பேசும்படி நள்ளிரவில் இறைவனையே தூது அனுப்பினார் சுந்தரர். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! இதைக் கேள்விப்பட்ட கலிக்காமருக்கு அடங்காத கோபம். ஆண்டவனை ஏவல் கொள்கிறவனும் ஒரு தொண்டனா என்று கொதித்தார். இருவரையும் சேர்த்துவைக்க நினைத்த இறைவன், கலிக்காமருக்குச் சூலை நோயைத் தந்து, சுந்தரர் வந்தால்தான் தீரும் என்றார். அவன் வந்து தீர்ப்பதைவிடச் சாவதே மேல் என்று உடைவாளால் குத்திக்கொண்டு உயிரை விட்டார் கலிக்காமர். வந்து பார்த்த சுந்தரர் என்ன செய்தார்? நானும் இவரைப் போலவே ஆவேன் என்று அதே வாளை எடுத்தார். இறையருளால் உயிர்பெற்று எழுந்த கலிக்காமர், பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். அந்தக் கணத்தில் இருவரும் தோழர்கள் ஆனார்கள். சேர்ந்தே திருப்புன்கூர் போய் ஈசனை வழிபட்டார்கள்.

பெரியபுராணத்தில் இப்படிக் கோபத்தில் தொடங்கிய நட்பும் இருக்கிறது.

''காலையில நான் சொன்னது தப்பு'' என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ''தம்பி ஆஸ்பத்திரியில இருந்தப்போ வேண்டிக்கிட்டேன். அவன் பிழைச்சு வந்தா, ரெண்டு பேருமா திருக்கழுக்குன்றம் மலை ஏறி வர்றோம்னு. அந்தப் படியில நான் தனியா எப்படி ஏறுவேன்?''

என்னிடம் தயாராக இருந்த வாசகங்கள் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. நல்லவேளை.

சண்டை போடலாம்!

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ இப்படிக் கோயில் வாசலிலேயே நின்றுவிட்ட ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரைப் பற்றி, 'நம்பிக்கை போய்விட்டது' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சுந்தரரிடம் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார் என்றே நினைக்கிறேன்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, 'உன்னைப் பிரியேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தவர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்களும் போயின. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, 'கோயிலில் இருக்கிறீரா?' என்று கேட்கிறார். 'இருக்கிறோம், நீ போய் வா' என்பதுபோலப் பதில் வருகிறது, ஏதோ அயலாரிடம் பேசுவது மாதிரி. கூடவே ஓர் ஊன்றுகோலும் கிடைக்கிறது! பூண்டி நீர்த்தேக்கம் உருவானபோது அந்தப் பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போய்விட, பூண்டியில் மறுபடியும் எழுப்பப்பட்ட ஆலயத்தில் இன்றும் அவர் ஊன்றீஸ்வரராகவே அருள்கிறார். கிடைத்த கோலைச் சுந்தரர் கோபத்தில் வீச, நந்தியின் கொம்பு உடைந்தது என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள்.

காஞ்சியில் இடக்கண் கிடைக்கிறது. திருவாரூருக்கு வந்து மற்றக் கண்ணைக் கேட்கும்போது சுந்தரர் பாடிய பதிகத்தைப் படித்துப் பாருங்கள். கெஞ்சல் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அடியவர்கள் துன்பத்தைச் சொன்ன பிறகும் பேசாமல் இருப்பீரானால் நீரே நன்றாக இரும் என்று, வாழ்த்துவதுபோல் வைகிறார்! அதையும் தேவாரமாகத்தான் நாம் ஏழாம் திருமுறையில் வைத்து ஓதுகிறோம். வலக்கண்ணும் அங்கேதான் கிடைத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். கண் இல்லாத அந்த நாட்களிலும் சுந்தரர் பேச்சை நிறுத்தவில்லை. கோபித்தார், கேட்டார், வைதார். ஆனால் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தார். கோபம் இருக்கிற வரைக்கும் உறவும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இல்லாத ஒருவர் மீது யாரும் கோபப்பட முடியாதே! கோயில் வாசல் வரை வந்து செருப்புக்குக் காவல் இருக்கிற ஒருவர், எத்தனை தூரத்தில் இருக்கிறார் என்று அளந்து சொல்ல நாம் யார்?

அவருக்கு நாம் செய்யக்கூடியது, பக்கத்தில் உட்காருவதுதான். சாப்பிட்டாரா என்று பார்ப்பது. தேவைப்பட்டால் அவருக்காக நாலு வீடு ஏறுவது. திருக்கச்சூரில் இறைவன் சுந்தரருக்கு எந்த உபதேசமும் செய்யவில்லை. பசியைப் பார்த்தார், சோறு கொண்டுவந்தார், மறைந்துவிட்டார்.

நடை திறந்தது

மாலையில் மணியோசை கேட்டது. எழுந்து புடைவையை உதறிக்கொண்டேன். அவள் வழக்கம்போல, ''நீ போ. நான் சைக்கிளைப் பார்த்துக்கறேன்'' என்றாள். ''சரி'' என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே விருந்திட்ட ஈஸ்வரருக்கு என்று தனிச் சந்நிதி இருக்கிறது. கச்சபேஸ்வரரையும் அம்பாளையும் தரிசித்துவிட்டு அங்கே வந்து நின்றேன். கைகூப்பியபோது, ஓடு ஏந்திய அந்தணர் கண்ணுக்குள் வரவில்லை. கையில் எவர்சில்வர் தூக்கோடு, முகம் கருத்து, வியர்வை வழிய வெயிலில் நடந்து வந்த ஒருத்திதான் வந்தாள். அபசாரமா, தெரியவில்லை. சந்நிதியில் இருந்தவர் கோபித்துக்கொண்டதாகத் தோன்றவில்லை.

வெளியே வரும்போது மதிலோரத்தில் அவளைக் காணோம். இரண்டு சைக்கிளும் சுவரில் சாய்ந்திருந்தன. திரும்பிப் பார்த்தால், வாயிலைத் தாண்டி உள்பக்கம், கல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

''வெளியே சுவரெல்லாம் சுடுது. அதான் உள்ளே வந்தேன்'' என்றாள், நான் கேட்காமலே.

விபூதியை நீட்டவில்லை நான். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு காகம் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

''ஒண்ணு கேக்கணும்'' என்றாள். ''அன்னிக்கு அவர் போய் நின்ன வீடுங்க இருக்கே, சோறு போட்டவங்க... அவங்க பேர் எதையாவது சேக்கிழார் எழுதியிருக்காரா?''

யோசித்துப் பார்த்தேன். அந்தணர் வீடுகள் என்கிறார். அதற்கு மேல் ஒரு பெயரும் இல்லை.

''இல்லை.''

''நானும் அந்தப் பாட்டி பேரைக் கேக்கலை'' என்றாள்.

அன்று காஞ்சிபுரம் போகவில்லை. என் கால் அதற்கு மேல் ஒத்துழைக்காது என்று அவளே முடிவு செய்து, சைக்கிள்களை ஒரு குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிட்டு, சிங்கப்பெருமாள்கோவிலில் மின்சார ரயில் பிடித்து வீடு வந்தோம். மிச்ச வழி இன்னும் பாக்கி இருக்கிறது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டு பிரியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்தச் சாலையில் போனோம். புளியமரத்தை அடையாளம் வைத்து, உள்ளே திரும்பி, நாலாவது வீட்டு வாசலில் நின்றோம். பாட்டி முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டு இருந்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்து, ''என்னம்மா வேணும்? குடிக்கத் தண்ணி வேணுமா?'' என்றார்.

''இல்லை பாட்டி'' என்றாள் தோழி. ''உங்க பேரு என்னன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்.''